நூற்றுக்கணக்கான முகவரிகளை பிளாக் செய்தும் ஸ்பேம் ஏன் நிற்பதில்லை?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து எனக்குப் புரிவது இது. பல வருடங்களாகப் பயன்படுத்தும் ஒரே மின்னஞ்சல் முகவரி. பரிசுக் கூப்பன், உடனடிக் கடன், எடை குறைக்கும் மாத்திரை, "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்று தினமும் வகை வகையாக ஸ்பேம் வருகிறது. வந்த ஒவ்வொன்றையும் அனுப்பியவரை பிளாக் செய்கிறீர்கள். பட்டியல் பல நூறைத் தாண்டிவிட்டது. மறுநாள் அதே கூப்பன் வேறு பெயரில் வந்து நிற்கிறது. வங்கி முதல் வேலை வரை எல்லாம் இந்த முகவரியில் இருப்பதால் மாற்றவும் முடியாது. இதை அடியோடு நிறுத்த வழி இருக்கிறதா, அல்லது நான்தான் ஏதோ தவறாகச் செய்கிறேனா, என் முகவரி இவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கிறீர்கள்.

மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது பல வருடங்களாக என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன். அவர்கள் அனுப்புவதை உங்களால் நிறுத்த முடியாது, யாராலும் முடியாது. ஆனால் அது உங்கள் இன்பாக்ஸில் வந்து விழுவதைப் பெருமளவு குறைக்க முடியும். அந்த வேலைக்கு பிளாக் பொத்தான் பொருத்தமான கருவி இல்லை. நிலையான ஒரு முகவரியிலிருந்து தொல்லை கொடுக்கும், உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளைத் தள்ளி வைக்கத்தான் அது பயன்படும்.

காரணம் மின்னஞ்சலின் அடிப்படையிலேயே இருக்கிறது. மெயிலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வெளியானது. அன்றைக்கு இணைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பக்கூடிய சிறிய வட்டம். அதனால் "அனுப்புநர்" வரியில் எழுதியிருப்பது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா, அதே நிலைதான். போதாக்குறைக்கு ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும்: சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்வது ஒன்று, உங்கள் திரையில் தெரிவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் பிளாக் செய்வது பெரும்பாலும் திரையில் தெரிவதை. ஸ்பேம் அனுப்புபவனுக்கு அது ஒவ்வொரு தொகுப்புக்கும் மாற்றிக்கொள்ளும் ஒரு வரி, அவ்வளவுதான். இன்று நீங்கள் பிளாக் செய்த முகவரியை அவன் மறுபடி பயன்படுத்தவே போவதில்லை. சில சமயம் அது எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவருடைய முகவரியாகக்கூட இருக்கும். அப்புறம், ஜிமெயிலில் பிளாக் செய்தாலும் மெயில் திருப்பி அனுப்பப்படுவதில்லை. அந்த முகவரியிலிருந்து இனி வருவது ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். அனுப்பியவனுக்கு எதுவும் தெரியாது.

"இப்போது அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் வந்துவிட்டனவே" என்று கேட்கலாம். வந்திருக்கின்றன. ஒரு டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகிம். இந்த இரண்டில் ஒன்றுகூட திரையில் தெரியும் டொமைனோடு பொருந்தாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைனின் உரிமையாளர் சொல்லி வைப்பது டிமார்க். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின. ஒரு நாளில் 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புவோர் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. இதனால் வங்கி பெயரிலும் பெரிய நிறுவனங்களின் பெயரிலும் அப்படியே போலியாக அனுப்புவது கடினமாகிவிட்டது. ஆனால் இந்தச் சோதனைகள் நிரூபிப்பது ஒன்றைத்தான்: இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை. அந்த டொமைன் யோக்கியமானதா என்பதை அவை சொல்லாது. ஸ்பேம் அனுப்புபவன் குறைந்த விலையில் ஒரு புது டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்து, சோதனையில் தேறிவிட்டு, சில நாளில் அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான்.

சரி, பிளாக்குக்குப் பதிலாக என்ன செய்வது? முதலில், வருவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை என்று பிரித்துப் பாருங்கள். என் அனுபவத்தில், "ஸ்பேம் தாங்க முடியவில்லை" என்று வருபவர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் கணிசமான பகுதி உண்மையான ஸ்பேமாக இருப்பதில்லை. எப்போதோ பொருள் வாங்கிய கடை, ஒரே ஒரு முறை பயன்படுத்திய செயலி, பதிவு செய்யும்போது ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுக்காமல் விட்டதால் வரும் செய்திமடல், இப்படித்தான் இருக்கும். அடையாளம் எளிது. நிறுவனம் உங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே டொமைனிலிருந்து வருகிறது. இவற்றுக்கு அன்சப்ஸ்கிரைப் செய்வதே சரியான வழி, அது வேலையும் செய்யும். மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேட வேண்டாம். ஜிமெயில், அவுட்லுக் போன்றவை அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு அன்சப்ஸ்கிரைப் பொத்தானைக் காட்டும், அதை அழுத்துங்கள். நான் சொன்ன 2024 விதிகளின்படி, மொத்தமாக விளம்பரம் அனுப்புவோர் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், விலகலை 2 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் 10 வேலை நாட்கள் வரை அவகாசம் தருகிறது. ஆகவே மறுநாளும் ஒன்று வந்தால் கோபப்படாமல் இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் தயங்காமல் ஸ்பேம் என்று குறியுங்கள்.

அடுத்து உண்மையான ஸ்பேம்: தெரியாத அனுப்புநர், தினமும் மாறும் முகவரி, நம்ப முடியாத சலுகை அல்லது மிரட்டல். இதில் அன்சப்ஸ்கிரைப் இணைப்பை அழுத்தலாமா என்பது பல காலமாக நடக்கும் வாதம். உறுதியாகச் சொல்லக்கூடியது: அந்த இணைப்பு உங்களை அவர்களுடைய பக்கத்துக்கே கொண்டு போகிறது, பெரும்பாலும் உங்களுக்கென்று தனிக் குறியீட்டோடு. ஆகவே இந்த முகவரியில் ஒரு மனிதர் இருக்கிறார், படிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் பாஸ்வேர்டு கேட்கும் போலிப் பக்கமாகவும் இருக்கலாம். அழுத்தினால் ஸ்பேம் பல மடங்கு கூடும் என்று பரவலாகச் சொல்வது அவ்வளவு உறுதியானதல்ல. கூடிய கதையும் உண்டு, ஒன்றும் ஆகாத கதையும் உண்டு. நான் எடுக்கும் நிலைப்பாடு: விலக்கிவிடுவார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லாதபோது அந்த ஆபத்து எதற்கு? அழுத்தாதீர்கள். பதிலும் போடாதீர்கள், திட்டிக்கூட.

அந்த மெயிலைத் திறக்காமலே தேர்ந்தெடுத்து "ஸ்பேம்" என்று புகார் செய்யுங்கள். வெறுமனே அழிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அழித்தால், ஸ்பேமைப் பிரித்தெடுக்கும் ஃபில்டருக்கு இது ஸ்பேம் என்ற செய்தி போவதில்லை. ஸ்பேம் என்று குறித்தால், அனுப்பிய சர்வர், டொமைன், உள்ளே இருக்கும் இணைப்புகள், எழுத்தின் சாயல் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. உங்களைப் போலப் பலர் குறிக்கும்போது அந்தத் தொகுப்பு மொத்தமும் மற்றவர்களின் இன்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. கூகுள் தன் விதியில் வைத்திருக்கும் எல்லை, ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது. அதாவது 1,000 பேரில் 3 பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அனுப்புபவருக்குச் சிக்கல். உங்கள் ஒரு கிளிக்குக்கு அவ்வளவு எடை இருக்கிறது. அதனால்தான், கேட்டு வாங்கிய செய்திமடலைச் சோம்பலில் ஸ்பேம் என்று குறிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது ஃபில்டருக்குத் தவறான பாடம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. சேவையின் சொந்தச் செயலியிலோ இணையதளத்திலோ குறித்தால்தான் புகார் போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்லலாம். கணினியில் தண்டர்பேர்ட் போன்ற தனி மென்பொருளில் "ஜங்க்" என்று குறித்தால், அதன் ஃபில்டர் அந்தக் கணினிக்குள் மட்டும் கற்றுக்கொள்கிறது. அதே ஸ்பேம் போனில் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். சில வாரங்களுக்காவது இந்த வேலையை பிரவுசரில் செய்யுங்கள். கூடவே வாரம் ஒரு முறை ஸ்பேம் ஃபோல்டரை மேலோட்டமாகப் பார்த்து, தவறாகப் போனதை "ஸ்பேம் இல்லை" என்று மீட்டெடுங்கள். ஜிமெயிலில் அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெயிலைத் திறந்ததுமே தொலைவிலிருந்து ஏற்றப்படும் ஒரு படம், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளியாகக்கூட இருக்கும், நீங்கள் திறந்ததை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகக் கொண்டுவருவதால் உங்கள் இருப்பிடம் தெரியாது. ஆனால் திறந்தது தெரியக்கூடும். அமைப்புகளில் "வெளிப் படங்களைக் காட்டும் முன் கேள்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பிடிவாதமாக ஒரே மாதிரி ஸ்பேம் வந்தால், நீங்களே ஒரு ஃபில்டர் (இப்படிப்பட்ட மெயில் வந்தால் இதைச் செய் என்ற விதி) எழுத வேண்டிய நேரம். அனுப்புநரை விட்டுவிட்டு, அவனால் சுலபமாக மாற்ற முடியாததைப் பிடிக்க வேண்டும். நான்கைந்து மெயில்களை எடுத்து, ஜிமெயிலில் "அசல் செய்தியைக் காட்டு" என்பதைத் திறந்து ஹெடரை (மெயிலின் மேலே இருக்கும், வழக்கமாகத் திரையில் தெரியாத விவரங்கள்) அருகருகே வைத்துப் பாருங்கள். முகவரி மாறியிருக்கும், ஆனால் பதில் போக வேண்டிய முகவரி ஒன்றாகவே இருக்கலாம். அடியில் போட்டிருக்கும் ஒரு வாசகம், ஒரு தொலைபேசி எண், பொருள் வரியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விசித்திரமான குறியீடு, பெறுநர் வரியில் உங்கள் முகவரி இல்லாமல் வேறு எதுவோ இருப்பது, இப்படி ஏதாவது ஒன்று மாறாமல் இருக்கும். ஏனென்றால் அனுப்புபவன் ஒரே வார்ப்பைத்தான் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறான். உங்களுக்குத் தெரியாத மொழியில் ஸ்பேம் வந்தால் இன்னும் எளிது: அந்த மொழியில் எல்லா வாக்கியத்திலும் வரக்கூடிய ஒரு சொல்லை ஃபில்டரில் போட்டால் போதும். கணினியில் நிறுவப்படும் பழைய பாணி அவுட்லுக்கில் குறிப்பிட்ட எழுத்துக் குறியாக்கங்களையும் (ஒரு மொழியின் எழுத்துகளைக் கணினி குறிக்கும் முறை) .in போன்ற நாட்டு டொமைன் ஈறுகளையும் மொத்தமாகத் தடுக்கும் பட்டியல்களே உண்டு.

ஃபில்டரை எழுதியதும் "அழி" என்று வைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு தனி லேபிளுக்கு அனுப்பி, இன்பாக்ஸைத் தாண்டிப் போகும்படி வையுங்கள். அதில் நல்ல மெயில் ஒன்றும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கச் சொல்லலாம். "கடன்", "இலவசம்" போன்ற பொதுச் சொற்களை மட்டும் வைத்து அழிக்கும் ஃபில்டர் போட்டு, வங்கியின் முக்கியக் கடிதத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே காரணத்துக்காக ஜிமெயில், யாகூ போன்ற பொது டொமைனை முழுதாகத் தடுக்கவும் கூடாது. தெரிந்தவர்களின் மெயிலை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு சில சேவைகளில் உண்டு. ஸ்பேம் நிற்கும், ஆனால் ஒருமுறைக் கடவுச்சொல் முதல் வேலைக்கான அழைப்பு வரை எல்லாம் அதோடு நின்றுவிடும். ஒரே முகவரியை வைத்திருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது.

இரண்டு சூழ்நிலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஸ்பேமைவிடப் பெரிய விஷயம் இருக்கலாம். ஒன்று, ஸ்பேம் உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு வருவது. "உன் கணினிக்குள் புகுந்துவிட்டேன், பணம் அனுப்பு" என்ற மிரட்டல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், நம்ப வைப்பதற்காகப் பழைய பாஸ்வேர்டு ஒன்றையும் காட்டும். அனுப்புநர் வரியைப் போலியாக எழுதலாம் என்று மேலே பார்த்தோம். ஆகவே அது மட்டும் கணக்கு திருடப்பட்டதற்குச் சான்று ஆகாது. அந்தப் பாஸ்வேர்டு வேறு ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து எப்போதோ கசிந்ததாக இருக்கும். ஆனாலும் சோதித்துவிடுங்கள்: அனுப்பியவை ஃபோல்டரில் நீங்கள் எழுதாதது இருக்கிறதா, அமைப்புகளில் நீங்கள் போடாத ஃபார்வர்டிங் முகவரியோ ஃபில்டரோ இருக்கிறதா, தெரியாத சாதனத்திலிருந்து உள்நுழைவு நடந்திருக்கிறதா. இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத சாதனங்களை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறை) இயக்குங்கள்.

இன்னொன்று இதைவிட அவசரமானது. அமைதியாக இருந்த இன்பாக்ஸில் திடீரென்று ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மெயில், அதுவும் "பதிவு செய்ததற்கு நன்றி", "சந்தாவை உறுதிப்படுத்துங்கள்" என்று பல மொழிகளில், உண்மையான நிறுவனங்களிடமிருந்து வந்து குவிந்தால், அது சாதாரண ஸ்பேம் அல்ல. யாரோ உங்கள் முகவரியை ஒரு நிரல் மூலம் ஏராளமான படிவங்களில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இதன் நோக்கம் ஒரு மெயிலை மறைப்பது: உங்கள் கார்டில் வாங்கிய பொருளின் ரசீது, பாஸ்வேர்டு மாற்றப்பட்ட அறிவிப்பு, பணப் பரிமாற்றச் செய்தி. பதற்றத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தால் அவர்கள் விரும்பியதையே செய்ததாகிவிடும். அழிக்காமல், முதலில் வங்கி, கார்டு, அடிக்கடி வாங்கும் கடைகள், போன் நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்தக் கணக்குகளுக்கு நேரடியாகப் போய் அண்மைய பரிமாற்றங்களைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வங்கியை அழைத்து கார்டை நிறுத்துங்கள். இன்பாக்ஸைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. குவியல் சில நாளில் தானாகத் தணிந்துவிடும். உறுதிப்படுத்தாத சந்தாக்களில் பல தொடராது.

உங்கள் முகவரி அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டீர்கள். குறிப்பாக இந்த வழியில்தான் என்று ஹெடரை வைத்துக்கூடச் சொல்ல முடியாது. அதிகம் நடப்பது, பதிவு செய்திருந்த ஏதோ ஒரு தளத்தின் தரவு கசிந்து, பட்டியல் கைமாறுவது. 2013இல் இணையப் பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால், தெரிந்த கசிவுகளில் எதிலெல்லாம் இருக்கிறது என்று காட்டும். வெளியே போன முகவரியைத் திரும்பப் பெற முடியாது. அந்தத் தளங்களில் வைத்திருந்த பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தினால் மாற்றிவிடுங்கள், அதுதான் அங்கே கிடைக்கும் பயன்.

இனிமேல் புதிதாகப் பதிவு செய்யும்போது உண்மையான முகவரியைக் கொடுக்காமல் இருக்க வழிகள் உண்டு. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு ஒரு சொல் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வரும். யார் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க உதவும். ஆனால் கூட்டல் பகுதியை வெட்டிவிட்டுப் பயன்படுத்துவது ஸ்பேம் அனுப்புபவனுக்குச் சுலபம், சில படிவங்கள் அதை ஏற்பதும் இல்லை. ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில், ஃபயர்பாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் போன்ற மாற்று முகவரிச் சேவைகள் இதைவிட உறுதியானவை. ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி. ஸ்பேம் வரத் தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் மூடிவிடலாம். சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள், எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் "கேட்ச்-ஆல்" அமைப்பை நிறுத்தினாலே சுமை குறையும்.

ஸ்பேமை நிறுத்தித் தருகிறோம், சந்தாக்களை ஒரே அடியாக நீக்குகிறோம் என்று உங்கள் இன்பாக்ஸ் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும் மூன்றாம் தரப்புச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு சேவை, பயனர்களின் ரசீது மெயில்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் அவர்களைத் தவறாக நம்ப வைத்தது என்று குற்றம் சாட்டி, அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019இல் நடவடிக்கை எடுத்தது. ஜிமெயிலிலேயே சந்தாக்களைப் பட்டியலிட்டு விலகும் பக்கம் இப்போது இருக்கிறது.

நான் பார்த்தவரை, தெரிந்த அனுப்புநர்களிடமிருந்து விலகி, மற்றதை இரண்டு மூன்று வாரம் விடாமல் புகார் செய்து, ஒன்றிரண்டு ஃபில்டர் வைத்தால் இன்பாக்ஸ் மீண்டும் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிடும். பூஜ்யத்துக்கு வராது, எப்போதாவது ஒன்றிரண்டு நுழையத்தான் செய்யும். உங்கள் மெயில் சேவை சிறிய ஒன்றாக, பலவீனமான ஃபில்டரோடு இருந்தால் பலன் குறைவாகவே இருக்கும். அப்போது முகவரி மாற்றம் பற்றி யோசிக்கலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. புது முகவரியைத் தொடங்கி வங்கி, அரசு சேவை, வேலை, குடும்பம் என்று முக்கியமானதிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பழையது ஒரு வருடமாவது பக்கத்தில் ஓடட்டும். எல்லாம் நகர்ந்த பிறகும் பழைய கணக்கை மூடாமல், அவ்வப்போது உள்ளே நுழைந்து உயிரோடு வைத்திருங்கள். பயன்படுத்தாத பெயர்களை வேறு ஒருவருக்குக் கொடுக்கும் சேவைகள் உண்டு. யாகூ 2013இல் அப்படிச் செய்தது. நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு தளத்தின் பாஸ்வேர்டு மீட்பு இணைப்பு, அந்தப் பெயரைப் புதிதாக வாங்கியவருக்குப் போய்விடக் கூடாது.